கோப்பை வந்தது, கோல்காப்பாளர் வரவில்லை: பயிற்றுவிப்பாளர் செய்தது சரியா?

குளக்கட்டு (ஞாயிறு, இரவு 9.12)

வணக்கம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே உள்ள ஒரு கிராமத்து உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் நான். கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை. கிளிநொச்சிக்காரர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள்; கண்டுபிடித்தாலும் இங்கே எழுத வேண்டாம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தில் விளையாடினோம். 1-1. மேலதிக நேரம் கிடையாது, நேரே சமநிலை தவிர்ப்பு உதை (பெனால்டி) என்பது ஏற்பாட்டாளர்களின் விதி, ஏனென்றால் ஆறரைக்கு மேல் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பயிற்றுவிப்பாளர் பதில் கோல்காப்பாளரை எழுப்பிக் கோட்டோரம் அனுப்பினார். எங்களிடம் இலக்கப் பலகை இல்லை. வெளியே நின்ற உதவி நடுவர் ஒற்றை விரலை உயர்த்தினார். இலக்கம் 1 வெளியே வர வேண்டும் என்று அர்த்தம். எங்கள் பையன் அதை "இன்னும் ஒரு நிமிடம்" என்று விளங்கிக்கொண்டு, கைகளைத் தட்டிப் பின்கள வீரர்களை உற்சாகப்படுத்தினான். நடுவர் கிட்டப் போய்ச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

கழகத்தில் இருப்பது ஒரு சோடிக் கையுறை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று அதைக் கழற்றி மற்றவனிடம் கொடுத்தான். இடதுகைப் பட்டி ஒட்டிக்கொண்டு வரவில்லை, பல்லால் இழுத்தான். அவ்வளவு சனமும் பார்த்துக்கொண்டிருந்தது.

பதில் கோல்காப்பாளர் இரண்டு உதைகளைத் தடுத்தான். 4-2 என்று வென்றோம். கோப்பையோடு எடுத்த படத்தில் இலக்கம் 1 இல்லை. அன்றிலிருந்து பயிற்சிக்கும் இல்லை. அழைத்தால் கைபேசியை எடுப்பதில்லை.

நிருவாகக் குழு இப்போது இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வென்று தந்தவரிடம் தலைமைப் பண்பு இல்லை என்று எப்படிச் சொல்வது என்கிறது ஒரு பாதி. அடுத்த பருவத்துக்கு வேறு ஆளைத் தேடுவோம் என்கிறது மற்றப் பாதி. பெரிய கழகங்களின் பயிற்றுவிப்பாளர்கள் இப்படியான இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய இலக்கம் 4 (ஞாயிறு, இரவு 9.40)

கோப்பை இப்போது எங்கே இருக்கிறது? உங்கள் அலுமாரியில். பிறகு எதற்குத் தம்பி விவாதம்?

பயிற்றுவிப்பாளர் என்றால் முடிவெடுக்கிறவர். இரண்டு நிமிடம் இருக்கும்போது சங்கக்கூட்டம் கூட்டி வாக்கெடுக்க முடியாது. என் காலத்தில் காரணம் கேட்டால் மைதானத்தைச் சுற்றிப் பத்து ஓட்டம். கேட்காவிட்டாலும் ஐந்து ஓட்டம்.

மன்னாரான் (ஞாயிறு, இரவு 9.44)

கோல்காப்பாளர் தேவையென்றால் எங்களிடம் கேளுங்கள். வன்னிக்கு உதைபந்து மன்னாரிலிருந்துதான் போனது, கோல்காப்பாளரையும் அனுப்பிவைக்கிறோம்.

பழைய இலக்கம் 4 (ஞாயிறு, இரவு 9.51)

நீர் இருப்பது தீவில். பெருநிலப்பரப்புத்தான் வன்னி. பாலம் கடந்து வந்து பேசும்.

மாங்குளம் சந்தி (ஞாயிறு, இரவு 11.05)

குளக்கட்டு, உங்கள் ஆள் செய்ததை 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்துப் பயிற்றுவிப்பாளர் லூயிஸ் வான் கால் செய்தார். கொஸ்டா ரிக்காவுடன் 120 நிமிடமும் கோல் இல்லை. கடைசி நேரத்தில் யாஸ்பர் சிலெசனை வெளியே எடுத்து டிம் குருலை இறக்கினார். குருல் நெட்டையர், கையும் அதிக தூரம் எட்டும். இரண்டு உதைகளைத் தடுத்தார். நெதர்லாந்து 4-3 என்று வென்றது. மறுநாள் பத்திரிகைகள் வான் காலைத் தூக்கிக் கொண்டாடின.

ஆனால் அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. வெளியே வந்த சிலெசன் தண்ணீர்ப் போத்தலை எட்டி உதைத்தார். குருலுக்குத் திட்டம் முன்பே தெரியும், சிலெசனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆட்டத்தில் அவருடைய கவனம் சிதறும் என்பது வான் காலின் கணக்கு. கணக்கில் பிழையென்று சொல்ல முடியாது. நான்கு நாள் கழித்து அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவுடன் மறுபடியும் கோலில்லாச் சமநிலை. இந்த முறை, அப்போது அனுமதி இருந்த மூன்று பதில் வீரர்களையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. "உன்னை நம்பி இதற்கு விட முடியாது" என்று உலகமே பார்க்க வெளியேற்றப்பட்ட அதே சிலெசன்தான் கோலுக்குள் நிற்க வேண்டியதாயிற்று. ஆர்ஜென்டீனா அடித்த நான்கும் கோல். உதைகளும் நல்ல உதைகள், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவனை ஒதுக்கும்போது, நாளைக்கு அவனே தேவைப்படுவான் என்ற நினைப்பு இருக்க வேண்டும்.

இனி மற்றப் பக்கம். 2021 ஓகஸ்டில் பெல்பாஸ்டில் ஐரோப்பிய சுப்பர் கிண்ணம், செல்சியும் விலாரியலும். செல்சியின் பயிற்றுவிப்பாளர் தோமஸ் டுகெல் 119ஆவது நிமிடத்தில் எடுவார் மென்டியை எடுத்துவிட்டுக் கெப்பாவை விட்டார். கெப்பா இரண்டைத் தடுத்தார், 6-5. காட்சியும் முடிவும் அதே போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் மென்டிக்கு எல்லாம் முன்பே தெரியும். பெனால்டி தடுப்பதில் கெப்பாவின் கணக்கு மேலானது என்று எண்களைக் காட்டிப் பல மாதங்களுக்கு முன்பே இருவருடனும் பேசிவைத்திருந்தார்கள். மென்டி கைகொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

முக்கியமானது அடுத்தது. 2022 பெப்ரவரி, லீக் கிண்ண இறுதி, எதிரே லிவர்பூல். டுகெல் அதையே திரும்பச் செய்தார். கெப்பா பத்து உதைகளுக்கு மேல் எதிர்கொண்டார், ஒன்றையும் தடுக்கவில்லை. கடைசியில் தன்னுடைய உதையையும் கம்பத்துக்கு மேலால் அடித்தார். 11-10 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகும் மென்டி பயிற்சிக்கு வராமல் வீட்டில் இருக்கவில்லை. வென்றதா தோற்றதா என்பதை வைத்து உங்கள் கேள்விக்கு விடை சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பழைய இலக்கம் 4 (திங்கள், காலை 6.20)

தம்பி மாங்குளம், அதே கெப்பாவின் 2019 கதையை ஏன் விட்டுவிட்டீர்? லீக் கிண்ண இறுதி, மான்செஸ்டர் சிட்டியுடன். பயிற்றுவிப்பாளர் சாரி வெளியே வரச் சொல்கிறார். இவர் விரலை ஆட்டி "வரமாட்டேன்" என்கிறார். பதில் கோல்காப்பாளர் கோட்டோரம் நின்றபடியே நின்றார். சாரி கோபத்தில் மைதானத்தை விட்டே போகப் பார்த்தார். பெனால்டியில் தோல்வி. கேட்டுக் கேட்டுச் செய்தால் இதுதான் நடக்கும். உங்கள் கிராமத்துப் பையன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தானே, அவனுடைய பயிற்றுவிப்பாளர் அவனை நன்றாக வளர்த்திருக்கிறார்.

மாங்குளம் சந்தி (திங்கள், காலை 7.02)

அண்ணா, அங்கே கேட்டுச் செய்ததால் அது நடக்கவில்லை. கெப்பாவுக்குத் தசைப்பிடிப்பு வந்து விழுந்தார், காயம் என்று நினைத்துச் சாரி மாற்றப் பார்த்தார், தான் நலம் என்று கெப்பா சொல்ல முயன்றார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அடுத்த ஆட்டத்தில் சாரி அவரை வெளியே இருத்திவிட்டு டொட்டன்ஹாமை 2-0 என்று வென்றார். அதுவும் செய்யாமல் விட்டிருந்தால் அந்த அணிக்குத் தலைவர் யார் என்றே தெரியாமல் போயிருக்கும்.

ஸ்காபரோ (திங்கள், காலை 8.15)

இங்கே கனடாவிலிருந்து படிக்கிறேன். பிரச்சினையின் வேர் உரிமம் இல்லாத பயிற்றுவிப்பாளர். நாங்கள் சிலர் சேர்ந்து காசு போட்டால் உரிமம் உள்ள ஒருவரைக் கொழும்பிலிருந்து கொண்டுவரலாம். கையுறையும் நான்கு சோடி அனுப்புகிறேன்.

குளக்கட்டு (திங்கள், நண்பகல் 12.30)

கையுறையை அனுப்புங்கள் அண்ணா, நன்றி. ஆளை அனுப்ப வேண்டாம். இவர் பதினொரு வருடமாக ஒரு சதமும் வாங்காமல் வருகிறவர். மேசன் வேலை முடித்து, சீமெந்து காயாத காலோடு மைதானத்துக்கு வருவார்.

கரைவலை (திங்கள், மாலை 5.48)

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டுப் பாட ஆசிரியை நான். பெண்பிள்ளைகளின் அணியைப் பழக்குகிறேன். பெரிய கழகக் கதைகளை ஆர்வமாகப் படித்தேன். என்னிடம் இருப்பது சின்னக் கதை.

நான் பதினாறு பேரைக் கூட்டிப் போவேன், பதினொரு பேர் இறங்குவார்கள். சனிக்கிழமை ஆட்டமென்றால் வியாழன் பயிற்சி முடிந்ததும் வெளியே இருக்கப்போகிற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். கிணற்றடியில் வைத்துச் சொல்வேன். ஏன் கிணற்றடி என்றால், அழுதால் முகம் கழுவிவிட்டுப் போகலாம். இரண்டு வசனத்துக்கு மேல் சொல்வதில்லை: ஏன் இல்லை, எதைச் செய்தால் உள்ளே வரலாம். "நீ நல்ல பிள்ளை" என்றெல்லாம் சொல்லிப் பூசி மெழுகினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், அது இன்னும் மோசம்.

இதை நான் படித்துப் பழகவில்லை, பிழைவிட்டுத்தான் பழகினேன். முதல் வருடம் மத்தியகளத்தில் விளையாடிய ஒரு பிள்ளையை நிறுத்தும் விடயத்தை, அவளிடம் சொல்லத் தயங்கி, அவளுடைய தந்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் சொன்ன விதம் வேறு. "ரீச்சருக்கு நீ வேண்டாமாம்." பிள்ளை அடுத்த தவணையிலிருந்து பந்தைத் தொடவில்லை. உயர்தரமும் முடித்துவிட்டாள். வழியில் கண்டால் சிரிப்பாள், நிற்கமாட்டாள்.

குளக்கட்டு, எனக்கு ஒரு கேள்வி. உங்கள் பதில் கோல்காப்பாளருக்கு இந்தத் திட்டம் எப்போது தெரியும்?

பழைய இலக்கம் 4 (திங்கள், இரவு 8.10)

ரீச்சர், பாடசாலை அணி வேறு, தொழில்முறை வேறு. சம்பளம் வாங்குகிறவனுக்குக் கிணற்றடி தேவையில்லை. பெர்குசன் கிணற்றடியிலா பேசினார்? மான்செஸ்டர் யுனைடெட்டை 13 தடவை லீக் சம்பியனாக்கியவர் அவர். 2003இல் ஆர்சனலிடம் தோற்ற அன்று உடைமாற்றும் அறையில் அவர் உதைத்த காலணி பெக்காமின் கண்ணுக்கு மேலே வெட்டியது. அந்தக் கோடையிலேயே பெக்காம் ரியல் மட்ரிட்டுக்குப் போனார். கழகம் நின்றுபோகவில்லையே.

கரைவலை (திங்கள், இரவு 8.55)

அண்ணா, இந்தியா ஆசிய விளையாட்டில் 1951இலும் 1962இலும் தங்கம் வென்றபோது பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம் பாடசாலை ஆசிரியர். 1962இல் ஜகார்த்தாவில் தலையில் தையல் போட்டிருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை முன்களத்துக்கு மாற்றினார். அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் போட்டார். ஒரு பின்கள வீரன் கட்டுப்போட்ட தலையோடு முன்னுக்குப் போய் மோதச் சம்மதிக்கிறான் என்றால் அது பத்து ஓட்டத்துக்குப் பயந்து வருகிற சம்மதம் இல்லை. ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணம் வென்று கொடுத்த அர்ரிகோ சாக்கியும் முன்பு சப்பாத்து விற்றவர். தொழில்முறையாக விளையாடியவரே இல்லை.

மாங்குளம் சந்தி (திங்கள், இரவு 10.30)

பெர்குசனைப் பற்றிப் பேசுவதானால் பெக்காமை விட எங்கள் விடயத்துக்குப் பொருத்தமான கதை ஒன்று இருக்கிறது. அதுவும் கோல்காப்பாளர் கதை.

1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தவர் 1990 மே வரை ஒரு கிண்ணமும் வெல்லவில்லை. அந்த மே மாதம் எப்.ஏ. கிண்ண இறுதி, கிறிஸ்டல் பெலஸுடன் 3-3. மறுஆட்டம் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் கோலில் நின்றவர் ஜிம் லைற்றன். பெர்குசன் ஸ்கொட்லாந்தின் அபெர்டீன் கழகத்தில் இருந்த காலத்திலிருந்தே அவருடைய ஆள், பின்னாலேயே யுனைடெட்டுக்கும் வந்தவர். மறுஆட்டத்துக்கு அவரை நிறுத்திவிட்டு, இரவலாக வந்திருந்த லெஸ் சீலியைப் போட்டார். 1-0 வெற்றி. பெர்குசனின் முதல் கிண்ணம் அதுதான். அது வராமல் போயிருந்தால் மற்றதெல்லாம் வந்திருக்குமா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறார்கள்.

சீலி தனக்குக் கிடைத்த பதக்கத்தை லைற்றனுக்கே கொடுக்க முன்வந்தார். பெர்குசனுக்கும் லைற்றனுக்கும் இடையில் இருந்தது திரும்பி ஒட்டவேயில்லை. அந்த முடிவு விளையாட்டுக் கண்ணால் சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். விலையும் உண்மையான விலை.

பழைய இலக்கம் 4 அண்ணாவுக்கு இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று பெர்குசனை நினைக்கிறோம். 1995 ஜனவரியில் பார்வையாளரைக் காலால் உதைத்துவிட்டுத் தடை வாங்கிய யுனைடெட் வீரர் கன்டோனா அந்தக் கோடையில் விட்டுப் போகப் பார்த்தபோது, பரிஸுக்கே தேடிப் போய்ப் பேசித் திருப்பிக் கூட்டிவந்தவரும் அவர்தான். யாரை விடலாம், யாரின் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும் என்று பார்த்துச் செய்தார். அது எப்போதும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை.

பழைய இலக்கம் 4 (செவ்வாய், காலை 6.05)

லைற்றன் கதை எனக்குத் தெரியாது. பரிஸ் கதை தெரியும், வசதிக்காக மறந்திருந்தேன்.

மன்னாரான் (செவ்வாய், காலை 6.30)

பாலம் கடந்து வந்துவிட்டேன். குளக்கட்டு ஏன் ரீச்சரின் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை?

குளக்கட்டு (செவ்வாய், இரவு 10.50)

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

பதில் கோல்காப்பாளருக்கு இறுதியாட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். பயிற்றுவிப்பாளர் அவனைத் தனியே பரந்தன் பக்கம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் உதைத்துப் பழக்கினார். மோட்டார் சைக்கிள் என்னுடையது. பந்தை எடுத்துப் போட்டவனும் நான்தான். திரும்பி வரும்போது "இலக்கம் 1 பையனிடம் சொல்லிவிடுவோமா?" என்று அவர் என்னிடம் கேட்டார். "வேண்டாம், முறுகுவான், இறுதியாட்டம் குழம்பிவிடும்" என்று சொன்னவன் நான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு "சரி" என்றார்.

முதல் பதிவில் இதை எழுதாதது பிழை. குழுவிலும் இன்னும் சொல்லவில்லை. அவரை நீக்க வேண்டும் என்று கூட்டத்தில் குரல் எழும்பியபோது நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கரைவலை (செவ்வாய், இரவு 11.14)

கேட்டது அவர், முடிவும் அவருடையது. ஆனால் கேட்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவருக்குள்ளே இருந்த சரியான எண்ணத்தைக் கெடுத்தது நீங்கள். குழுவிடம் சொல்லுங்கள்.

பழைய இலக்கம் 4 (புதன், காலை 5.50)

ரீச்சர் சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடில்லை. செயலாளர் சொன்னார் என்று மாற்றிக்கொள்கிறவர் என்ன தலைமை? பிரையன் கிளவ் நொட்டிங்காம் பொரஸ்டை இரண்டாம் பிரிவிலிருந்து தூக்கி 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கிண்ணம் வென்றார். பக்கத்தில் உதவியாளராகப் பீட்டர் டெய்லர் இருந்தார், சொல்வதைக் கேட்டார், ஆனால் பழியை டெய்லர் தலையில் போடவில்லை.

மாங்குளம் சந்தி (புதன், காலை 7.20)

அதே கிளவ் அதற்கு முன் 1974இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸ் கழகத்துக்குப் போனார். வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள் என்று வீரர்களிடம் சொன்னாராம். 44 நாளில் அனுப்பிவிட்டார்கள். ஆள் ஒன்றுதான் அண்ணா. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது. குளக்கட்டு, நீங்கள்தான் அவருடைய டெய்லர். ஆகையால் அவர் மட்டுமா மாற வேண்டும் என்று யோசியுங்கள்.

குளக்கட்டு (ஞாயிறு, இரவு 8.35)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழன் இரவு குழுவில் சொன்னேன். எவரும் கத்தவில்லை. பொருளாளர் மட்டும், "அப்படியென்றால் நீயும் வெளியே நிற்க வேண்டியவன்தான்" என்றார்.

வெள்ளி காலை பயிற்றுவிப்பாளரும் நானும் பையனின் வயலுக்குப் போனோம். அறுவடை. இயந்திரம் ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு வர, அவன் மூட்டைக்குச் சணல் தைத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டும் ஊசியை நிறுத்தவில்லை. வரம்பில் நின்று பயிற்றுவிப்பாளர் சொன்னது இவ்வளவுதான்: "வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மாற்றியது சரி, மறைத்தது பிழை." என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனபோது என் கையைப் பிடித்தார். பழைய இலக்கம் 4 அண்ணா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பையன் மூட்டையைத் தைத்து முடித்தான். "மாற்றியதும் பிழைதான்" என்றான். பிறகு அடுத்த மூட்டையை இழுத்தான். அதற்கு மேல் பேச்சு இல்லை. நாங்கள் இரண்டு மூட்டையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இன்று மாலை பயிற்சிக்கு வந்தான். எவருடனும் கதைக்கவில்லை, நேரே கோலுக்குள் போய் நின்றான். பதில் கோல்காப்பாளர் ஓடிப்போய்க் கையுறையை நீட்டினான், வாங்கிப் போட்டுக்கொண்டான். பயிற்றுவிப்பாளர் பந்தைப் புள்ளியில் வைத்துத் தானே உதைத்தார். வேலையிலிருந்து வந்த கால், வெறும் கால். பதினொரு உதை. நான் எண்ணினேன். நான்கைத் தடுத்தான்.

பழைய இலக்கம் 4 (ஞாயிறு, இரவு 8.52)

அவர் உம்முடைய கையைப் பிடித்ததை இரண்டு தடவை படித்தேன். சனிக்கிழமை யார் கோலில்?

குளக்கட்டு (ஞாயிறு, இரவு 9.03)

வியாழன் மாலை இருவருக்கும் சொல்வாராம். எனக்கு இன்னும் சொல்லவில்லை.

மன்னாரான் (ஞாயிறு, இரவு 9.05)

பதினொன்றில் நான்கா? அவனை எங்களுக்கு அனுப்புங்கள்.